பழைய 207 போதுமா, தோஸ்த்தா, பொலேரோவா? செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கும் முன் ஒரு கணக்கு

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தென்னந்தோப்போ தேங்காய்க் களமோ வைத்திருக்கும் பலர் வீட்டில் இன்னும் ஒரு டாடா 207 பிக்கப் நிற்கும். 2008, 2009, 2010 மாடல். வாங்கிய கடன் அடைந்து பல வருஷம் ஆகியிருக்கும். வண்டி ஓடத்தான் செய்கிறது, ஆனால் எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி நெருங்கும்போதெல்லாம் டிங்கரிங், பெயிண்ட், ஸ்பிரிங் பட்டை, டயர் என்று ஒரு பெரிய தொகையைக் கேட்கிறது. என்னிடம் இருப்பதும் 2009 மாடல்தான். இதைக் கொடுத்துவிட்டு, வயது குறைந்த செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றை எடுக்கலாமா என்று விசாரித்தபோது சேர்ந்த விவரங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டீக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே "தோஸ்த் எடுங்க", "பொலேரோ எடுங்க" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். என் கணக்கில் கம்பெனி பெயர் இரண்டாவதுதான். முதலில் கேட்க வேண்டியது, வண்டி எந்த வருஷத்து மாடல், உங்கள் ஓட்டம் ஒரு நடைக்கு எவ்வளவு தூரம் என்ற இரண்டும். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் பட்டறைக்கும் வீட்டுக்குமாகத்தான் ஓடும்.

பழையதையே வைத்துக்கொள்வதும் ஒரு வழி, அதை முதலில் எடைபோட்டுவிடுவோம். 207 டி.ஐ.யில் இருப்பது 2,956 சிசி, நாலு சிலிண்டர் இன்ஜின், 407-இன் குடும்பம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் தொல்லை கிடையாது. பம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் காலிப்ரேஷன் செய்து மாட்டிவிடலாம். ரீபோர் செய்யவும் ஹெட் வேலை பார்க்கவும் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் இந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மிஸ்திரிகள் உண்டு. சாமானும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

இடிப்பது வேறு இடத்தில். 15 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த எஃப்.சி., அதற்கப்புறம் வருஷாவருஷம். பசுமை வரி வேறு. இதையெல்லாம் கட்டிவிடலாம் என்றாலும், இன்னொரு சங்கடம் இருக்கிறது: டிரைவர். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியைக் களத்துக்குள் ரிவர்ஸ் எடுத்து மடக்கச் சொன்னால், இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பையன் "வேற வண்டி இருந்தாச் சொல்லுங்கண்ணா" என்று கிளம்பிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டீசல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முடிவு இன்னும் தெளிவாகும். லோடோடு பழைய வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர், இளைய வண்டி 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைப்போம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால் 250 லிட்டருக்குப் பதில் 179 லிட்டர். மிச்சம் சுமார் 6,600 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் மிச்சம் 2,700 ரூபாய்கூடத் தேறாது. அதாவது தோப்பிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து மில்லுக்கும் மட்டும் போய்வருகிற வண்டிக்கு டீசல் மிச்சத்தைக் காட்டி மாற்றுவதில் அர்த்தமே இல்லை. அப்படிப்பட்டவர் சேஸ் நன்றாக இருக்கும்வரை 207-ஐ வைத்துக்கொள்ளலாம். மாதம் 2,000 தாண்டினால் மாற்றுவதுதான் சரி.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எந்த வருஷம்?

வண்டிப் புகைக்கான விதிதான் பி.எஸ்.; 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. இந்த இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2017க்கு முந்தைய பி.எஸ். 3 வண்டி விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் 2009-ஐக் கொடுத்துவிட்டு 2014-ஐ எடுத்தால் இன்னும் சில வருஷத்தில் இதே கேள்வி திரும்ப வரும். அதனால் அதை நான் ஒதுக்கிவிட்டேன். உண்மையான போட்டி 2017-க்கும் 2020-க்கும் நடுவில் வந்த பி.எஸ். 4 வண்டிக்கும், அதற்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டிக்கும்தான்.

இரண்டிலும் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் அடிக்கும்) இன்ஜின்கள், டர்போ, ஈ.சி.எம். என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் உண்டு. பி.எஸ். 6 டீசலில் கூடுதலாக வருவது புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி. இன்ஜின் விடும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துத் தள்ளும். அந்தச் சூடு வர வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நிறுத்தாமல் வேகத்தில் ஓட வேண்டும். பெருந்துறையிலிருந்து அவிநாசி வழியாகக் கோயம்புத்தூருக்கு 544 நெடுஞ்சாலையில் தினமும் போகிற வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, ஓட்டத்திலேயே எரிந்துவிடும். ஆனால் மூன்று கிலோமீட்டர் போய்க் காய் இறக்கி, அரை மணி நேரம் ஐடிலில் நின்று, மறுபடி மூன்று கிலோமீட்டர் திரும்புகிற தோட்டத்து வண்டியில் எரிப்பு பாதியில் நின்று நின்று, கடைசியில் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் கம்ப்யூட்டர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். வடிகட்டியே போய்விட்டால் விலை கேட்டால் தலை சுற்றும். ஆயிலிலும் கவனம் வேண்டும்: சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிராமத்துப் பட்டறையில் டிரம்மிலிருந்து ஊற்றும் ஆயில் இதற்கு ஆகாது.

சில பி.எஸ். 6 மாடல்களுக்கு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருக்கிறதா என்று பாருங்கள். "டி.பி.எஃப்.பை எடுத்துட்டேங்க, இனி தொந்தரவே இல்லைங்க" என்று பெருமையாகச் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. அந்த வண்டியின் பக்கமே போக வேண்டாம்.

ஆக, என் கணக்கு இப்படி: குட்டை நடை, மண் பாதை, நின்று நின்று ஓடும் வேலை என்றால் 2018, 2019 பி.எஸ். 4. நெடுஞ்சாலை ஓட்டம், திருப்பூர்–சேலம், பொள்ளாச்சி–கோயம்புத்தூர் என்று தினசரி வாடகை என்றால் 2021-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6. வயது குறைந்த வண்டிதானே நல்லது என்று பொத்தாம்பொதுவாக நினைக்கிறவர்களுக்கு இது ஏறுக்குமாறாகத் தெரியலாம். தெரியட்டும்.

இனி தோஸ்த்துக்கும் பொலேரோவுக்கும் வருவோம். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது. நிசானோடு கூட்டாகச் செய்து, பக்கத்திலேயே ஓசூரில் தயாரானது. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் காமன் ரெயில் இன்ஜின். முதலில் வந்தது ஒன்றேகால் டன் வண்டி. 2017-இல் வந்த தோஸ்த் ப்ளஸ் கிட்டத்தட்ட ஒன்றரை டன், டயரும் பெரிசு. மூன்று சிலிண்டர் என்பதால் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். காமன் ரெயில் வண்டியில் வயதானபின் வரும் பெரிய செலவு இன்ஜெக்டர். நாலுக்குப் பதில் மூன்று மாற்றினால் போதும் என்பது மிஸ்திரி பில் போடும்போது தெரியும். இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்மூக்கு குட்டை. ஆகையால் வண்டி நீளம் குறைந்தும் பாடி எட்டடிக்கு மேல் கிடைக்கும். திருப்பூரில் பனியன் துணி ரோல் ஏற்றிக்கொண்டு சந்துகளில் நுழைவதற்கும், களத்துக்குள் மடக்கித் திருப்புவதற்கும் இது வசதி. சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையில் போகும்போது சீட்டுக்கு அடியிலிருந்து வரும் சூடு வசதியில்லை.

வாங்கும்போது எல்.இ., எல்.எஸ்., எல்.எக்ஸ். என்ற எழுத்துகளைப் பார்க்க வேண்டும். எல்.இ.யில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. எல்.எஸ்.ஸில் உண்டு. எல்.எக்ஸ். என்றால் ஏ.சி.யும் சேர்த்து. டிரைவர் வைத்து ஓட்டுகிறவர் எல்.எஸ்.ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 2,523 சிசி, நாலு சிலிண்டர். இழுவையில் தோஸ்த் இதற்குப் பக்கத்தில் வராது. 1.7 டன் மாடலில் பாடி சுமார் ஒன்பதடி. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறித் தாளவாடி முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டு வருகிறவருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சிமென்ட் ஏற்றுகிறவருக்கும் நான் யோசிக்காமல் பொலேரோவைத்தான் சொல்வேன். முன்னால் பானெட் இருப்பது டிரைவருக்கு ஒரு தைரியம். இன்ஜின் வேலைக்கும் சீட்டைத் தூக்க வேண்டியதில்லை. மறுவிற்பனையிலும் இதற்குத்தான் மதிப்பு. அந்த மதிப்புதான் வாங்குகிறவருக்கு எதிரி: ஒரே வருஷ மாடலில் தோஸ்த்தைவிட நல்ல கூடுதல் விலை கேட்பார்கள், அதே பணத்தில் தோஸ்த்தில் ஒன்றிரண்டு வருஷம் இளைய வண்டி கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவுப்படி பர்மிட் தேவையில்லை. தோஸ்த் ப்ளஸ் அந்த வரம்புக்குள் நிற்கிறது. 1.7 டன் பொலேரோ அதைத் தாண்டிவிடும். பர்மிட் எடுக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். லைசென்ஸ் விஷயத்தில் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

எடையைப் பற்றி நேர்மையாக யோசியுங்கள். உரித்த காய் 2,000 ஏற்றினாலே ஒரு டன்னைத் தாண்டும். தினமும் ஏற்றுவது அவ்வளவுதான் என்றால் தோஸ்த் ப்ளஸ் தாராளம். "எப்பவாவது ரெண்டு டன் போடுவோமுங்க" என்பதற்காகப் பொலேரோ வாங்கி, மாதம் முழுக்க அதன் டீசலையும் கடனையும் சுமப்பது சரியான கணக்கல்ல. அந்த ஒன்றிரண்டு நாளுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். குட்டி யானையை (டாடா ஏஸ்) நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை; அது முக்கால் டன் வண்டி, 207-இலிருந்து அதற்குப் போவது இறங்குமுகம். பி.எஸ். 6 தேவைப்படுகிறவர்கள் டாடா இன்ட்ரா வி30-ஐயும் படா தோஸ்த்தையும் பார்க்கலாம். இன்ட்ராவில் நாலு சிலிண்டர், 1.3 டன். சந்தையில் இன்னும் எண்ணிக்கை குறைவு, அதனால் தேர்ந்தெடுக்க வாய்ப்பும் குறைவு.

நம்ம ஊரில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவதில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சவுகரியம் இருக்கிறது. வண்டி முன்னால் என்ன ஏற்றியது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பிவிடலாம், பெயிண்ட் அடித்துவிடலாம். ஏற்றிய லோடு சேஸில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். பல்லடம் பக்கத்துக் கோழி வண்டி என்றால் எச்சமும் தினமும் அடிக்கும் தண்ணீரும் பாடித் தளத்தையும் சேஸ் மூலைகளையும் அரித்திருக்கும். புதுத் தகரம் போட்டு மூடியிருந்தால் அடியில் படுத்துப் பாருங்கள். செங்கல், ஜல்லி ஏற்றிய வண்டியில் பின்பட்டை மாட்டும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கும். அதைக் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சாயப்பட்டறை வண்டியில் கெமிக்கல் கேன் ஒழுகிய கறையைத் தேடுங்கள். மலை ஓடிய காய்கறி வண்டி என்றால் கிளட்ச், பிரேக் டிரம், டர்போ மூன்றையும் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது திருப்பூரில் துணி ரோல் அடித்த வண்டி. லோடு இடத்தை அடைக்கும், எடை அழுத்தாது. ஊருக்குள் நின்று நின்று ஓடியதால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். கிளட்ச் மாற்றுவது ஒரு நாள் வேலை.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) நிற்கும் வண்டிகள் எல்லாமே "சிங்கிள் ஓனருங்க, தோட்டத்துலயே நின்னதுங்க" ரகம்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே காலையில் இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆயில் மூடியைத் திறந்து புகை பொங்குகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். காமன் ரெயில் வண்டிக்கு அது போதாது. ஸ்கேனர் வைத்திருக்கும் மிஸ்திரியை நூறு இருநூறு அதிகம் கொடுத்தாவது கூட்டிப் போய், பழைய எரர் கோடுகளையும் இன்ஜெக்டர் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டியைக் காட்டும்போது இளவயது மிஸ்திரி இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருப்பார், பெரியவர் நேராகக் கீழே குனிவார். "இன்ஜின் கெடக்குதுங்க, மொதல்ல சேஸைப் பாருங்க" என்பது அவர்கள் வழி. நான் பெரியவர் கட்சி.

பொள்ளாச்சி, கோயம்புத்தூர் கன்சல்டிங்களில் கேரளப் பதிவு வண்டிகள் விலை குறைவாக நிற்பதுண்டு. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்த மிச்சம் கரைந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே தண்ணீரில் மூழ்கிய வண்டிகளும் உண்டு. நம் கணக்குக்கு ஏற்ற 2018 மாடலாக இருந்தால் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

காகித வேலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், எச்.பி. (வண்டி மேல் இருக்கும் கடன்) விவரம் வந்துவிடும், நிலுவை அபராதத்தைத் தனியாக இ-சலான் பக்கத்தில் பாருங்கள். எச்.பி. இருந்தால் ஃபைனான்ஸின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றிவிட வேண்டும்.

கடனில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். நம்ம பக்கத்து ஃபைனான்ஸ்களில் வட்டியை "நூத்துக்கு ஒரு ரூபா" என்று சொல்வது வழக்கம். கேட்க 12 சதவீதம் போலத்தான் இருக்கும். 4 லட்சத்துக்கு மூன்று வருஷம் அந்தக் கணக்கில் போட்டால் வட்டி 1,44,000. தவணை மாதம் 15,111 ரூபாய். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 4 லட்சத்துக்கும் கடைசிவரை போடப்படுகிறது. உண்மையான வட்டியாக மாற்றினால் 21 சதவீதத்தைத் தாண்டும். இதே தொகைக்கு ஒரு வங்கி குறையும் அசலில் 14 சதவீதம் என்று சொன்னால் கேட்கும்போது அதிகம் மாதிரி இருக்கும். தவணையோ சுமார் 13,670 தான். மூன்று வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நல்ல டயர் நாலும் பேட்டரியும் வாங்கிய பிறகும் மீதி இருக்கும். மேலே பார்த்த டீசல் மிச்சம் 6,600 இந்தத் தவணையில் பாதியைத்தான் அடைக்கும். மீதிப் பாதியை வண்டி வாடகையில் சம்பாதிக்க வேண்டும், அல்லது பட்டறைச் செலவு குறைந்து ஈடுகட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 207-ஏ இருக்கட்டும்.

புது வண்டி பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆனால் செகண்ட் ஹேண்ட் விற்கிறவர்களில் சிலர் இன்னும் வரி இறங்கும் முன் இருந்த புது வண்டி விலையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். நீங்கள் பார்க்கும் பி.எஸ். 6 வண்டியின் புது மாடல் இன்று ஷோரூமில் எவ்வளவு என்று ஒரு கொட்டேஷன் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டால் பழசை விட்டுவிட்டுப் புதிதே எடுக்கலாம். புது வண்டிக்குக் கடனும் குறைந்த வட்டியில் கிடைக்கும்.

எனக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பாலும் குட்டை நடை, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பெருந்துறைக் கொப்பரை ஏலம். ஆகவே என் தேடல் 2018 அல்லது 2019 தோஸ்த் ப்ளஸ் எல்.எஸ்., துணி ஓட்டிய வண்டியாக இருந்தால் மேல் என்பதில் நிற்கிறது. மலைக்குப் போகிறவராக இருந்தால் இதே கணக்கில் அதே வருஷத்துப் பொலேரோவைப் பிடித்திருப்பேன்.

பழைய வண்டியை விற்கும்போது எஃப்.சி. போட்டு விற்பதா, அப்படியே தள்ளுவதா என்றும் கேட்பார்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி.யும் டிங்கரிங்கும் செய்து செலவழித்த பணம் விலையில் முழுசாகத் திரும்பாது. உள்ளபடி காட்டி, இன்ஜின் நன்றாக இருப்பதைச் சொல்லி விற்பது மேல். ஆனால் சொந்தக்காரராக இருந்தாலும், பங்காளியே வாங்கினாலும், 29, 30 படிவங்களைத் தாக்கல் செய்து ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்து என்று வந்தால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "அடுத்த வாரம் மாத்திக்கறேன் மாமா" என்பவரிடம், மாற்றிய பிறகே வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.